காயாத சூனியக்காரி

யமுனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மேசைமேல் இருக்கும் பேய்களை எடுத்து உள்ளே வை என்று அம்மா காலையிலிருந்து கத்துகிறாள். யமுனா அசையவில்லை. கட்டைவிரல் உயரப் பூத பொம்மைகளும் சூனியக்காரி பொம்மைகளும் அவை. பெங்களூரில் மேசைமேல் பொம்மைகளை நகர்த்தி மாயக்கதை விளையாட்டு ஆடுகிறவர்கள் வர்ணம் இல்லாமல் கூரியரில் அனுப்புவார்கள். இங்கே சந்தவாசல் ஊரில் உட்கார்ந்து இவள் வர்ணம் தீட்டி அனுப்புவாள்.

அம்மா பவுடரை அள்ளி மகளின் முகத்தில் பூசினாள்.

"இப்டி அப்பினா மூஞ்சியே மூழ்கிடும்மா" என்று யமுனா துடைத்துப் போட்டாள்.

முகம் மூழ்காமல் பூசுவதுதான் அவள் தொழிலே. நீர்க்கக் கரைத்த கரும்பச்சை முதலில். அது காய்ந்ததும் மேடுகளில் மட்டும் கொஞ்சம் வெளுத்த பச்சை. இப்படி ஏழெட்டுப் பூச்சு. அவசரப்பட்டு ஒரேயடியாக அடித்தால் சூனியக்காரியின் சுருக்கம், மூக்கு, திமிர் எல்லாம் போய்விடும்.

வந்த மாப்பிள்ளையின் அம்மா உட்காரக்கூட இல்லை. ஒரு சூனியக்காரியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா கண்றாவி இது? கல்யாணத்துக்கப்புறம் இந்தப் பேயெல்லாம் எங்க வூட்டுக்கு வரக்கூடாது."

அவர் விரலில் பச்சை ஒட்டியிருந்ததை யமுனா பார்த்தாள்.

"அது இன்னும் காயலைங்க" என்றாள். "கீழ வெச்சிட்டு, போய்ட்டு வாங்க."