காரில் ஒரு மட்டன் ரோல்

டார்னெய்ட்டில் நாங்கள் மளிகை வாங்கும் இலங்கைக் கடைக்குள் என் கணவர் வரவே மாட்டார். கடை என்றாலே அவருக்கு அலர்ஜி, காரிலேயே உட்கார்ந்திருப்பார். கடைக்கார அக்கா அவருக்கென்று சூடாக ஒரு மட்டன் ரோல் கொடுத்தனுப்புவார்.

அவர் இறந்த பிறகு முதல்முறையாக நானே காரை ஓட்டிக்கொண்டு அங்கே போனேன். அரிசியும் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு பில் போட நின்றேன். அக்காவுக்கு விஷயம் தெரியாது.

"அண்ணை காருக்குள்ளயோ?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது.

"ஆற முந்திக் குடுங்கோ" என்று ரோலைக் கையில் வைத்தார்.

இந்த ஊரில் ஒருத்தருக்காவது அவர் இன்னும் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. ரோலைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். அது ஆறும்வரை காரை எடுக்க மனசு வரவில்லை.