பண்ருட்டிக்கு எத்தனை கிலோமீட்டர்

ஜெர்மனியில் இருக்கும் மகன், இந்தக் கோடையில் எங்களையும் ஏற்றிக்கொண்டு மியூனிக்கிலிருந்து ரோமுக்குக் காரிலேயே போகலாம் என்கிறான். விசாவுக்கு எந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், ஆஸ்திரியச் சாலைக்குக் கார் கண்ணாடியில் எதை ஒட்ட வேண்டும் என்றெல்லாம் பருத்திப்பட்டு வீட்டில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் பாடம் நடத்திவிட்டேன். வழியில் ஒரு ராத்திரி இன்ஸ்ப்ரூக்கில் தங்குவதா, வெரோனாவிலா என்ற கேள்வி வந்தது. “பாப்பாவே செலக்ட் பண்ணட்டும்ப்பா” என்றான், தன் மகளைச் சொல்லி. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அதற்கு விதிமுறை எதுவும் கைவசம் இல்லாததால் போனை வைத்துவிட்டேன்.

பதினோரு வயதில் எனக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது. அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. அவருடைய ஃபோர்மேன் குடும்பமும் நாங்களும் ஒரே வாடகை வேனில் கன்னியாகுமரி போவதாக ஏற்பாடு. முதல் நாள் எங்கே தங்குவது என்று ஃபோர்மேன் வீட்டுக் கூடத்தில் பேச்சு.

“பண்ருட்டில எங்க அக்கா ஊடு கீது சார். மீன் கொயம்பு வெச்சி அசத்திடும்” என்றார் அப்பா.

சனிக்கிழமை வருகிறோம் என்று அத்தைக்குக் கார்டே போய்விட்டது. அப்பா சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான்.

“வழியிலயா வருது? தம்பிதான் மேப் எல்லாம் பாக்குமே, அதுவே சொல்லட்டும்” என்றார் ஃபோர்மேன்.

அத்தை வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைப்பவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். வேண்டாம் என்றாலும் விடாமல் அந்த விரல்களால் சோறு பிசைந்து எனக்கு ஊட்டுவார். ஃபோர்மேனின் மகளோ என் வகுப்பு. அவள் பார்க்க அந்தக் கை என் வாயருகே வருவதை நினைத்துப் பார்த்தேன். மேப்பில் விரலை வைத்தேன்.

“பண்ருட்டி ரொம்ப சுத்து அங்கிள். விழுப்புரத்துலேருந்து நூறு கிலோமீட்டர். திருச்சியிலயே தங்கிடலாம்.”

மேப்பில் முப்பதுகூட இல்லை. அப்பா என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். “மேப்புல அப்டி கீதுன்னா அப்டித்தான் சார்” என்றார். அவருக்கு மேப் பார்க்கத் தெரியாதது எனக்கு வசதியாகப் போயிற்று.

என் கல்யாணத்துக்கு வந்தபோது அத்தை சொன்னார்: “ஒங்கப்பன் பலாப்பய லாரில கிளீனரா கீற சொல்ல, வாரத்துக்கு ரெண்டு தபா அந்த ரோட்ல வந்துகினு போய்கினு இருப்பான். எந்தக் கல்லாண்ட எந்த மரம்னு கண்ண மூடிகினு சொல்லுவான்.” பிறகு, “அன்னிக்கி மீன் வெச்சிட்டு வாசல்லயே குந்திகினு இருந்தேன். வண்டி ரிப்பேராமே, பாவம் நீங்க” என்றார். அப்பா கிளீனராக இருந்ததும் எனக்குத் தெரியாது, வண்டி ரிப்பேரானதும் தெரியாது. தலையை ஆட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை விழுப்புரத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தினார்கள். பண்ருட்டிக்குப் பிரியும் சாலையின் முனையில் கடை. எதிரிலேயே ஒரு கல், ‘பண்ருட்டி 26 கி.மீ.’ என்று கொட்டை எழுத்தில். கடை பெஞ்சில் உட்கார்ந்த ஃபோர்மேன் டீ வரும்வரை அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா டீ கிளாஸோடு நேரே போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தார். வேட்டி எழுத்தின் மேல் தழைந்து தொங்கியது.

“இங்க பெஞ்சுல வந்து குந்துய்யா” என்றார் ஃபோர்மேன்.

“பரவால்ல சார். கல்லு சில்லுனு கீது.”

எல்லோரும் வேனில் ஏறிய பிறகுதான் அப்பா எழுந்து வந்தார். பிழைத்தேன் என்று நான் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டேன். மே மாதம், மதியம் மூன்று மணி. காலையிலிருந்து வெயிலில் கிடந்த கல் எப்படிச் சில்லென்று இருக்கும் என்று, வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பையனுக்குத் தோன்றவில்லை.