ஏலத்தில் வந்த மட்டிக்குலை

மதுரைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்குப் பெரும்பாடு. பேச ஆள் கிடையாது. அப்படியொரு ஞாயிறுக்கு, முந்தின இரவே பஸ் ஏறி, தெற்கே வெகுதூரத்திலுள்ள சிதறால் மலைக்குப் போனேன். சமணர் குகையைத் தனியாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம் தெரிந்தது. முற்றத்தில் அறுப்பின் பண்டிகை. விவசாயிகள் காணிக்கையாகப் படைத்த விளைச்சலை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கோபுரத்தைப் படமெடுக்கச் செல்போனை உயர்த்தினேன்.

“மட்டிக்குலை அந்த சாருக்கு” என்றார் ஏலம் விட்டவர்.

கையைத் தூக்கினால் ஏலம் கேட்டதாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. மறுக்க வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த மட்டி வாழைக்குலையைத் தூக்கிவந்து தந்த பெண், “வீட்டுல எத்தற பேரு சார்?” என்று கேட்டார்.

“நான் மட்டும்தான்.”

அவர் குலையை ஒருமுறை பார்த்தார். “அப்ப ஒத்தையில தின்னு தீராது. பழுத்தா பக்கத்து வீட்டாளுகளுக்கும் குடுங்க” என்றார், அது என்னவோ எல்லோருக்கும் முடிகிற காரியம்போல. பக்கத்து வீட்டில் யாரையும் தெரியாத நான், குலையைத் தோளில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு நடந்தேன்.

சில நாளில் வீடு முழுக்கப் பழவாசனை. ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். ஒரு வருடமாக எதிரெதிரே குடியிருக்கிறோம். கதவைத் திறந்தவர், “யாரைப் பார்க்கணும்?” என்றார்.

“உங்களைத்தான்” என்றேன்.