மூன்று சிஸ்டம், ஒரு லேப்டாப்

செகந்திராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியில் பஸ் ஏறியபோது வந்த கோபம், ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் பகவதிக்கு ஆறவில்லை. அப்போது போனில் வந்த வருடாந்திர மதிப்பீட்டில் மேலாளர் ஸ்ரீகாந்த் அவளைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: ‘வேலையில் வேகம் போதாது.’ அந்த வரியால் டீம் லீட் பதவி கைநழுவிப் போய்விடும்.

வேகமாம் வேகம்! ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அது புது விண்டோஸில் ஓட வேண்டும், லினக்ஸில் ஓட வேண்டும், சின்ன ஆஸ்பத்திரிகள் இன்னமும் கட்டிக்கொண்டு அழும் பழைய விண்டோஸிலும் ஓட வேண்டும். முன்பு மூன்றுக்கும் தனித்தனி கணினிகள் இருந்தன. சிக்கனம் என்று சொல்லி இரண்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது புது விண்டோஸ் லேப்டாப்புக்குள்ளேயே மற்ற இரண்டையும் ஓட்டியாக வேண்டும். இருக்கிற கொஞ்சம் மெமரி மூன்றுக்கும் எங்கே போதும்? பகவதி ஒன்றை உறங்கவைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எழுப்புவாள். அது கண் விழிக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். மெமரியைக் கூட்டித் தரச் சொன்னால், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ஸ்ரீகாந்த் அந்த ஊர் உருதுவைக் கலந்து, வேண்டாம், எதற்கு டென்ஷன் என்று சிரித்து மழுப்புவார்.

“நக்கோ பகவதி, கைக்கு டென்ஷன்? இதுலயே அட்ஜஸ்ட் பண்ணும்மா.”

அன்று மதியம் வாடிக்கையாளர் கூட்டம். ஆஸ்பத்திரி தரப்பில் ஸ்ரீலேகா என்ற அம்மாள் வந்திருந்தார். பெருமையடித்துக்கொள்ள ஸ்ரீகாந்துக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை, பகவதியின் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே பகவதியும் போனாள்.

“ஒவ்வொண்ணா எழுப்புங்க சார். சேத்து எழுப்பினா நின்னு போவும்.”

காதிலேயே வாங்கவில்லை மனிதர். ஒரே லேப்டாப்பில் மூன்று சிஸ்டமும் ஒரே நேரத்தில் ஓடும் என்று அளந்துகொண்டே எல்லாவற்றையும் தட்டிவிட்டார். திரை அப்படியே உறைந்தது.

“பகவதி, ஏதாவது பண்ணேன்!” என்று பல்லைக் கடித்தார்.

“பண்ணுததுக்கு ஒண்ணுமில்ல சார். காத்துக் கெடக்கணும். நான் தெனமும் அப்படித்தான கெடக்கேன்.”

ஸ்ரீலேகா திரையைப் பார்த்தார், பிறகு பகவதியைப் பார்த்தார். சோதனையும் இதில்தான் நடக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றாள் பகவதி. அப்படியானால், தாமதத்துக்கு எல்லாம் டெஸ்டர்தான் காரணம் என்று ஸ்ரீகாந்த் மெயிலுக்கு மெயில் எழுதினாரே, அந்த டெஸ்டர் யார் என்று கேட்டார்.

பகவதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியாளிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாரா?

“நான்தான் மேடம்,” என்றாள். “இப்போ நீங்க பாத்துட்டு இருக்கிறதுதான் என் வேகம்.”

ஸ்ரீகாந்த் மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தார்.