விஞ்ச் பண்ணுவதும் லிஃப்ட் கேட்பதும்

இன்று ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கூட்டம். போன மாதத்திலிருந்து லிஃப்ட் ஓடவில்லை. என் மனைவி சக்கர நாற்காலியில் நான்காம் மாடியிலேயே இருக்கிறாள்.

எப்போது திருத்துவீர்கள் என்று கேட்டேன். கூட்டத் தலைவர் நம்மவர்தான், இளையவர். சிரித்தார்.

“அங்கிள், சும்மா விஞ்ச் பண்ணாதேங்கோ.”

“தம்பி, விஞ்ச் எண்டு புலம்புறதைச் சொல்லுறீர். பழைய இங்கிலீசில அது நாய் முனகிறதுக்குச் சொன்னது. இங்கிலாந்தில இருந்து வந்த சொல்லு. பிறகு இந்த நாட்டு ஆக்கள், எந்த நேரமும் புலம்புறவை எண்டு, அதை இங்கிலாந்துக்காரருக்கே பட்டமாக் கட்டிவிட்டவை. இப்ப நீர் எனக்குக் கட்டுறீர். நான் முனகேல்லை. பதில் கேட்டனான்.”

தலைவர் தன் தாள்களை அடுக்கினார்.

“அடுத்த கூட்டத்தில கதைப்பம், அங்கிள்.”

“ஓம். அதை எங்கட வீட்டில வையும். படியேறி வாரும்.”

அவர் வருவாரோ தெரியாது. தேநீர் நான் போடுவேன். வேறு யார் ஏறி வருகிறீர்கள்?