மாமா கற்றுக்கொண்ட மிருதங்கம்

என்னோடு வாடகை வீட்டில் இருந்த தோழி ஒரு நாட்டியக் குழுவின் பாடகி. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், குழுவோடு நான்கு மாதம் ஐரோப்பா சுற்றக் கிளம்பினாள். எந்த வாரம் எந்த ஊர், யார் விலாசம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, "ஒண்ணு விடாம எழுதணும், என்ன நடந்தாலும்" என்றாள்.

அபிராமபுரத்தில் எதுவும் நடக்கவில்லை. தேனாம்பேட்டை ஆபீசுக்குப் போனேன், வந்தேன். தண்ணீர் லாரி வந்தது, இல்லையென்றால் வரவில்லை. இதை வைத்தே இரண்டு ஏரோகிராம்களை ஒப்பேற்றினேன். மூன்றாவதில் பாதிக்கு மேல் வெற்றிடம். மோட்டாரை நிறுத்தாமல் விட்டது யாரென்று மாடியில் வீட்டுக்கார மாமா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். 'மாமா மிருதங்கம் கற்றுக்கொள்கிறார். விடிகாலை ஐந்துக்கே சாதகம்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மாமா கையில் ஒரு பிக்சர் போஸ்ட்கார்டோடு இறங்கி வந்தார். ரிட்டையரான கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு முறை படிப்பவர்.

"வியன்னாலேர்ந்து உன் சிநேகிதி எழுதியிருக்கா. இந்த வயசுல மிருதங்கம் ஆரம்பிச்சதுக்கு எனக்கு நமஸ்காரமாம். விரல் வலிச்சா விட்டுடக் கூடாதாம். நான் எப்போம்மா ஆரம்பிச்சேன்?"

"எழுத ஒண்ணுமே கிடைக்கல, மாமா" என்றேன்.

அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுத்து எந்த ஊர்ல இருப்பா?" என்று கேட்டு, விலாசத்தைக் குறித்துக்கொண்டு மாடியேறினார்.

தோழியின் அடுத்த கடிதத்தில் ஊர் வர்ணனையே இல்லை. 'என்னிடம் சொல்லாமல் நிச்சயதார்த்தமா? மாப்பிள்ளை ஆறடி உயரமாம், வாசற்படியில் குனிந்துதான் நுழைகிறாராம், மாமா எழுதியிருக்கிறார். அவர் பொய் சொல்கிற மனுஷன் இல்லை' என்று நான்கு பக்கம் வசவு. அன்றே மறுத்து எழுதிப் போட்டேன். குழு கடைசி ஊரிலிருந்தும் கிளம்பிவிட்டதால் அது அவள் கையில் கிடைக்கவில்லை.

வந்து பெட்டியைத் திறந்தவள், மாப்பிள்ளைக்கென்று வாங்கிய பெரிய கம்பளி ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள். நான் உண்மையைச் சொன்னதும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மாமாவோடு மட்டும் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

சென்னையில் அந்த ஸ்வெட்டரை யாருக்குக் கொடுப்பது? மார்கழிக் கச்சேரிகளுக்கு மாமாவே போட்டுக்கொண்டு போனார். கை நீளத்தை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, "சபாவுல ஏசி ஜாஸ்தி" என்றார்.