இரண்டில் தொடங்கும் புத்தகம்

என்னிடம் அறுநூற்றுப் பதினான்கு பழைய புத்தகங்கள் இருக்கின்றன. இவற்றில் நான் ஏமாந்து வாங்கியவை எண்பத்தேழு. ஏமாந்தது தெரியாமல் இன்னும் நல்ல புத்தகம் என்று நம்பிக்கொண்டிருப்பவை எத்தனை என்று தெரியாது. அந்த எண் தெரியாததுதான் எனக்குப் பெரிய கவலை.

அடுத்த கவலை ஈரம். கொடைக்கானலில் மூடுபனி கேட்காமல் வீட்டுக்குள் வரும். வந்தால் நேரே அலமாரிக்குத்தான் போகும். அதனால் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருக்கிறேன். எங்கள் படுக்கையறையில் ஹீட்டர் கிடையாது. இதைப் பற்றி என் மனைவிக்கு ஒரு கருத்து உண்டு. இங்கே எழுதுவதற்கில்லை.

முப்பத்தொரு வருடம் அரசு மலைப்பயிர்ப் பண்ணை ஒன்றில் நாற்று எண்ணும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு நாற்று இல்லை, எண்ணுகிற பழக்கம் மட்டும் இருந்தது. அப்படித்தான் புத்தகத்துக்கு வந்தேன். புத்தகத்தில் பக்கம் இருக்கிறது, பக்கத்தில் எண் இருக்கிறது.

போனில் படம் பார்த்து ஒரு மருத்துவ நூல் வாங்கினேன். படத்தில் அம்மிக்கல் அளவு இருந்தது, வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. இனி பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அடுத்தவர் தீப்பெட்டி வைத்தே அனுப்பினார். பழைய சமையல் நூல். அளவு சரியாக இருந்தது. நாற்பதாம் பக்கத்தில் புளியைக் கரைத்து ஊற்றச் சொல்கிறது, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் கிரயப் பத்திரம் எழுதும் முறை தொடங்குகிறது. பைண்டிங் செய்தவர் எதைப் பார்த்துக்கொண்டு தைத்தாரோ. என் மனைவி அதை வாசித்துவிட்டு, “குழம்பை யார் பேருக்கு எழுதி வைக்கணுமாம்?” என்று கேட்டாள்.

இந்த எண்பத்தேழும் சேர்ந்து தராத வருத்தத்தை நான் ஏமாறாத ஒரு புத்தகம் தந்தது. அதனால் நல்ல மனிதர் ஒருவரை நடுத்தெருவில் நின்று திருடன் என்று சொன்னேன்.

அவர் பழனி அடிவாரத்தில் ஒரு சந்துக்குள் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் பஞ்சாமிர்தக் கடை, எதிரே பூக்கடை, முனையில் டீக்கடை. பத்தொன்பது வருடம், எடைக்கு வருகிற மூட்டைகளில் பழைய அச்சு எது கிடைத்தாலும் பிரித்து, எனக்காக ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார். மாதம் ஒரு முறை நான் பஸ்ஸில் இறங்கிப் போவேன். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போவேன். பாதியில் தலை சுற்றிக் கண்ணை மூடிவிடுவதால் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வரும். அதுவும் ஒரு வருத்தம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியில் ஒரு வழிநடைச் சிந்து கிடைத்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பாடிக்கொண்டே நடப்பதற்காக அந்தக் காலத்தில் அச்சடித்த சின்னப் பாட்டுப் புத்தகம். மேலட்டை இல்லை. தலைப்பை இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே விலை ஏறிவிடும். வாங்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் எண்ணினேன்.

அந்தக் காலத்து அச்சில் பக்க எண்ணைத் தமிழ் எண்ணில் போடுவார்கள். ஒன்றுக்கு ௧, இரண்டுக்கு ௨. என் கையில் இருந்த புத்தகத்தில் முதல் பக்கத்தின் நெற்றியிலேயே ௨ என்று இருந்தது. ௧ எங்கேயும் இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

திருப்பினேன். அடுத்த பக்கத்திலும் ௨. அதற்கு அடுத்தது ௩. கடைசிப் பக்கம் ௩௨. எண்ணிப் பார்த்தால் மொத்தம் முப்பத்திரண்டு பக்கம் சரியாக இருந்தது. சாதாரண ஆள் இத்துடன் நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. இரண்டு என்பதை அச்சுக்கோர்த்தவர் தவறுதலாக இரண்டு தடவை போட்டிருக்கிறார், ஒன்றாம் பக்கத்தை எவனோ கிழித்திருக்கிறான், ஒன்று குறைந்து ஒன்று கூடியதால் கூட்டல் சரியாக வந்துவிட்டது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பெருமையில் டீயை மறந்துவிட்டேன்.

பாடியவர் பெயரும் அச்சான வருடமும் அந்த ஒன்றாம் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். எடுத்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தில் புத்தகத்தைத் தொட்டவர் ஒருவர்தான்.

கடை வாசலில் நின்று கேட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே குரல் கொஞ்சம் பெரிது.

“முதல் பக்கத்தை யாருக்கு வித்தீங்க?”

“எந்தப் பக்கம் சார்?”

“ஒண்ணாம் பக்கம். ரெண்டுல ஆரம்பிக்குது பாருங்க. பத்தொன்பது வருசம் நம்பினேன்ல?”

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் எண் அவருக்குத் தெரியாது. “வந்தது வந்தபடி பெட்டியில போட்டேன் சார். கிழிச்சா எனக்கென்ன பிரயோசனம்?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். எவ்வளவு பிரயோசனம்?”

பூக்கடைக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். டீக்கடையிலிருந்து கண்ணாடி டம்ளரோடு ஆட்கள் வந்தார்கள். திருடன் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பதினொரு பேர். அந்த நிலைமையிலும் எண்ணியிருக்கிறேன்.

அதன் பிறகு அந்தச் சந்துக்கு நான் போகவில்லை. அவரிடம் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேரைப் போனில் எச்சரித்தேன். அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒன்றாம் பக்கத்தை வேறு பிரதியில் பிடித்துவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன். ஒருவரிடம் அதே சிந்து இருந்தது. ஆனால் மூட்டையாகத்தான் தருவேன் என்றார். நாற்பத்து மூன்று புத்தகம் கொண்ட மூட்டையை வாங்கி, ஜீப்பில் ஏற்றி, வீட்டில் இறக்கிப் பிரித்தேன். பதினாறு தட்டெழுத்துப் பயிற்சி நூல்கள், ஒன்பது பழைய ரயில் அட்டவணைகள், பாக்கியெல்லாம் பரீட்சைக் கேள்வித்தாள் தொகுப்பு. அடியில் சிந்து. திறந்தேன். ௨.

பாலசமுத்திரத்தில் ஒரு விவசாயி வீட்டில் இன்னொன்று இருப்பதாகத் தெரிந்து போனேன். மூன்றாவது பிரதி, சிவப்பு மேலட்டையோடு, பூச்சி தொடாமல், நேற்று அச்சடித்தது போல இருந்தது. அட்டையில் பாடியவர் பெயர் மட்டும் இல்லை. திறந்தேன். முதல் பக்கத்தில் ௨. மூடிவிட்டேன்.

“பிடிச்சிருந்தா சும்மாவே எடுத்துக்கங்க” என்றார் அவர்.

“குறையுள்ள புத்தகத்தை நான் சேக்கிறதில்ல” என்று சொல்லி, அவர் கொடுத்த மோரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மூன்று பிரதி, மூன்றிலும் ஒன்றாம் பக்கம் போயிருக்கிறது. அப்படியென்றால் ஒரே ஆள் வீடு வீடாகப் போய்க் கிழிக்கிறான் என்று முடிவு கட்டினேன். இதை மனைவியிடம் சொன்னபோது, “அவனுக்கு வேற சோலி இல்லையா?” என்றாள்.

அவள் கூக்கால் மலைக்கிராமத்துப் பக்கத்தில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எதை எழுதினாலும் சிறிதாக, நெருக்கி, ஒரே தாளில் முடிப்பாள். சென்ற மாதம் ஒரு காலையில் மளிகைச் சீட்டை என் கையில் கொடுத்து வெரசாகப் போய் வரச் சொன்னாள். மழை வருமா, குடை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே சீட்டைப் பார்த்தேன். உச்சியில் ௨ என்று இருந்தது.

“முதல் தாள் எங்கே?” என்று கேட்டேன்.

“எந்த முதல் தாள்?”

“இது ரெண்டாம் தாள்தானே. மேலே ரெண்டுன்னு போட்டிருக்கியே.”

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது.

“ஏங்க, அது பிள்ளையார் சுழிங்க.”

சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“நாப்பத்தாறு வருசமா போடுறேன். பழனிக்குப் பக்கத்துலயே கெடந்து, தம்பிக்குப் பாடின பாட்டையே படிச்சுப் படிச்சு, அண்ணனை ரெண்டாம் நம்பர் ஆக்கிட்டீங்களா?”

அலமாரிக்குப் போனேன். பல்பு வெளிச்சத்தில் இரண்டு பிரதிகளையும் திறந்தேன். நெற்றியில் இருந்தது உ. கடிதம், கணக்கு, கல்யாணப் பத்திரிகை எதிலும் முதலில் போடுகிற அதே சுழி. அது இருக்கிற பக்கத்தில் அச்சுக்காரர்கள் எண் போடவில்லை, அவ்வளவுதான். அதுதான் ஒன்றாம் பக்கம். புத்தகம் முழுசு. மூன்றும் முழுசு. பாடியவர் தன் பெயரை எங்கேயும் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் நினைவுக்கு வந்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சிவப்பு அட்டைதான். பாலசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். “அதுவா? தைப்பூசத்துக்கு நடந்து போன கூட்டம் ஒண்ணு தண்ணி கேட்டு வந்துச்சு. அவுக கையில கொடுத்துட்டேன். பாடிக்கிட்டே போனாக” என்றார். அவ்வளவு பழைய புத்தகத்தை வெயிலில், திருநீற்றுக் கையோடு, நடந்துகொண்டே பாடியிருக்கிறார்கள்! அதற்காகத்தான் அச்சடித்தார்கள் என்றாள் மனைவி. அவளிடம் பேச முடியாது.

இரண்டாவதாகத்தான் அந்தச் சந்து நினைவுக்கு வந்தது. அதன் பிறகு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் மனைவி வெள்ளனே எழுப்பி, ஒரு பை மலைப்பூண்டைக் கையில் கொடுத்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அன்று நான் வளைவுகளை எண்ணவில்லை.

அவர் கடையில்தான் இருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

“வருவீகன்னு தெரியும் சார். பாருங்க, இதுல இருக்கான்னு.”

பை நிறைய உதிரித் தாள்கள். மூன்று வருடமாக, எந்த மூட்டையில் எந்தப் பழைய புத்தகத்தின் முதல் தாள் தனியாகக் கிடந்தாலும் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். என்னைத் திருப்பிக் கூப்பிட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எண்ணினேன். அறுபத்தெட்டு. கண் கலங்கியதால் இரண்டாம் முறை எண்ணினேன். அறுபத்தெட்டுதான்.

உண்மையைச் சொன்னேன். பூண்டுப் பையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். தரையில் நான் பரப்பியிருந்த தாள்களை அவர் பையில் திருப்பிப் போடத் தொடங்கினார்.

“அப்ப அந்தப் பக்கம் எங்கேயுமே இல்லையா?”

“இல்லீங்க.”

“இல்லாததையா மூணு வருசம் தேடுனேன்?”

“ஆமாங்க.”

அவர் தரையிலிருந்து ஒரு தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். “ஏன் சார், ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம். ஒண்ணோட முதுகுலதானே ரெண்டு இருக்கும்? ரெண்டு இருக்கையில ஒண்ணை மட்டும் எப்படிக் கிழிக்க?”

இது எனக்கு மூன்று வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. நாற்றுக்கு முதுகுப்பக்கம் கிடையாது.

“மன்னிச்சிருங்க” என்றேன்.

“நீங்க சொன்னது என் காதுல மட்டுமா விழுந்துச்சு?” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “இன்னைக்கும் நான் சில்லறை குடுத்தா இந்தப் பூக்காரம்மா என் முன்னாலயே ஒண்ணொண்ணா எண்ணிப் பாக்குது. அன்னைக்கு எத்தனை பேர் நின்னாங்க? நீங்க எண்ணியிருப்பீகளே.”

“பதினொரு பேர்.”

“இன்னைக்கு?”

சந்தைப் பார்த்தேன். “ஏழு.”

“நாலு பேர் வரட்டும். அதுவரைக்கும் டீ குடிங்க. பிறகு அன்னைக்குக் கத்துன இடத்துலயே நின்னு, அதே சத்தத்துல சொல்லுங்க.”

டீ குடித்தேன். பஞ்சாமிர்தக் கடைக்கு இருவர் வந்தார்கள், ஒருவர் போய்விட்டார். எட்டு. எழுந்து நின்று, என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். படித்தவன், முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் எண்ணியவன், பிள்ளையாருக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன். அப்போது முனையில் ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றது. முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலைகள் சந்துக்குள் வரிசையாக வர ஆரம்பித்தன. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று...

“எண்ணாதீங்க சார்,” என்றார் அவர் பின்னாலிருந்து. “கத்துங்க.”